அரிசியும் உயிர்ச்சத்தும்: சங்கங்களின் கடமை

நூல் விலை, நெசவுக் கூலி, பயிர்க்கடன், உரம், விற்பனை ஆகியவை பற்றியே நம் சங்கக் கூட்டங்களில் பெரிதும் பேசப்படுகின்றது. அஃது இயல்பே. ஆயினும் தறிக்குழியில் அமர்ந்து நெய்வோர்க்கும் கொல்லையில் நின்று உழைப்போர்க்கும் முதல் மூலதனம் உடலேயாகும். எந்த வட்டிக்கும் கடனாகக் கிடைக்காத அம்மூலதனம் சோற்றுப் பானையிலிருந்து நாள்தோறும் வளர்கின்றது. கவனம் தவறினால் அப்பானையிலிருந்தே தேயவும் தொடங்குகின்றது. ஆகவே அங்கத்தினர்கள் உண்ணும் அரிசியைப் பற்றிச் சில கருத்துக்களை இங்கு வெளியிட விரும்புகின்றோம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் பிற இடங்களைப் போலவே, அரிசி எவ்வளவு வெண்மையோ அவ்வளவு உயர்வு என்னும் எண்ணம் வேரூன்றி வருகின்றது. புழுங்கல் அரிசியின் மங்கிய நிறமும் மணமும் எளிமையின் அடையாளம் என்று சிலர் கூசுகின்றனர். நியாயவிலைக் கடையில் பெற்றதைக் கால்நடைக்கு வைத்துவிட்டு, பன்முறை தீட்டிய அரிசியைச் சந்தையில் விலை கொடுத்து வாங்கும் குடும்பங்களும் உண்டு. கடைக்கு வரும் அரிசியின் தரம் சில வேளைகளில் குறைந்திருப்பதை நாம் மறுக்கவில்லை. அதைத் தட்டிக் கேட்கும் உரிமை அங்கத்தினர்க்கு உண்டு. ஆனால் தரக்குறைவு வேறு. புழுங்கல் என்பது வேறு. புழுங்கல் அரிசி நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற பாதுகாப்பு என்பதும், அதனைக் காப்பது கூட்டுறவுச் சங்கங்களின் கடமைகளுள் ஒன்று என்பதும் நமது கருத்து.

நீரில் கரையும் சத்துக்கள்

வைட்டமின் எனப்படும் உயிர்ச்சத்துக்கள் இரு வகையின. ஏ, டி, ஈ, கே என்பன கொழுப்பில் கரைவன. பி தொகுதியைச் சேர்ந்த எட்டும், சி-யும் நீரில் கரைவன. கொழுப்பில் கரைவனவற்றை உடல் சேமித்து வைத்துக்கொள்ளும். நீரில் கரைவனவற்றுள் பி12 ஒன்று மட்டும் கல்லீரலில் பல ஆண்டுகளுக்குத் தங்கக்கூடும். ஏனையவற்றில் தேவைக்கு மிஞ்சியது சிறுநீரோடு வெளியேறிவிடும். தயாமின் என்னும் பி1 நம் உடல் முழுவதிலும் ஏறக்குறைய 30 மில்லிகிராமே உள்ளது. உணவில் அது கிடைக்காவிடில் இரண்டு மூன்று வாரங்களில் இருப்புத் தீர்ந்துவிடும். வாரக் கூலியில் வாழும் குடும்பத்தைப் போல, இச்சத்தைப் பொறுத்தவரை நம் உடலும் அன்றன்று ஈட்டியே வாழ வேண்டியிருக்கின்றது.

ஒரு நாளைக்கு வேண்டிய அளவு 1 முதல் 1½ மில்லிகிராம்தான். இத்தனை சிறிய அளவு இத்தனை பெரிய காரியத்தை எவ்வாறு செய்கின்றது? தறியில் பாவு பூட்டியிருக்கின்றது. ஊடை நூலும் ஆயத்தமாக இருக்கின்றது. ஆனால் நாடா இல்லை. அப்போது துணி வளருமா? சோற்றிலுள்ள மாவுப்பொருள் உடலில் சர்க்கரையாகிப் பின்னர்ப் பைருவிக் அமிலம் ஆகின்றது. அவ்வமிலத்தை மேலும் எரித்து ஆற்றலாக்கும் நொதி, தயாமின் துணையின்றி இயங்காது. தயாமின் குறையும்போது வேலை நடுவழியில் நின்று, எரியாத அமிலங்கள் இரத்தத்தில் சேர்கின்றன. ஓயாது ஆற்றல் வேண்டி நிற்கும் நரம்பும் இதயமும் முதலில் துன்புறுகின்றன. மாவுப்பொருளை மிகுதியாக உண்பவர்க்குத் தயாமினும் மிகுதியாக வேண்டும். வெண்சோற்றால் மட்டும் வயிற்றை நிரப்புவோர் சத்து வரவைக் குறைத்துக்கொண்டு அதன் செலவைப் பெருக்கிக்கொள்கின்றனர்.

தொகுதியிலுள்ள மற்றவையும் இப்படியே பணிபுரிகின்றன. ரைபோஃப்ளேவினும் நியாசினும் ஆற்றல் பிறக்கும் வழியில் ஹைட்ரஜனைக் கைமாற்றிக் கொடுக்கின்றன. முன்னது குறைந்தால் உதட்டோரம் வெடித்து நாக்குப் புண்ணாகும். பின்னது குறைந்தால் வெயில் படும் தோல் கருத்து உரிந்து, வயிறும் மனமும் கலங்கும் பெலாக்ரா நோய் வரும். ஃபோலிக் அமிலமும் பி12-உம் குறைந்தால் இரத்த அணுக்கள் உரியபடி பெருகாமல் சோகை உண்டாகும். உடலின் தசைநார்களைப் பிணைக்கும் கொலாஜன் இழை உறுதிபெறச் சி சத்து வேண்டும். அது அறவே இல்லாவிடில் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி தோன்றும்.

தயாமின் குறைவால் வரும் நோய்க்குப் பெரிபெரி என்று பெயர். ‘இயலாது’ என்னும் பொருளுடைய சிங்களச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். கால் மரத்துப் போதல், நடக்கையில் முழங்கால் தளர்தல், பாதம் வீங்குதல், சிறிது வேலைக்கே நெஞ்சு படபடத்தல் ஆகியவை அதன் குறிகள். நாள் முழுதும் தறி மிதிக்கும் காலுக்கு இந்நோயின் பொருள் என்னவென்று நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

மலாயாவில் கண்ட உண்மை

அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை நிறுவியதில் தமிழ்த் தொழிலாளரின் சோற்றுக்கு ஒரு பங்கு உண்டு. ஜாவாத் தீவின் பட்டாவியா நகரில் 1890-களில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் முடங்கி விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே காலத்தில் மலாயாவில் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் பெருந்தொகையாக மாண்டனர். அந்நாட்டிலேயே தோட்டங்களில் உழைத்த தமிழர்களிடம் அந்நோய் மிக அரிதாகவே காணப்பட்டது. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது ஊரிலிருந்து பழகிய புழுங்கல் அரிசி. பிராடன் என்னும் மருத்துவர் 1907-இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகின்றது என்று அவர் கருதியது பின்னர்த் தவறாயிற்று. அவர் கண்ட வேறுபாடு தவறாகவில்லை.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905-இல் இதனைச் சோதித்தார். அங்கிருந்தோரை இரு பிரிவாக்கி, 120 பேருக்குப் பச்சரிசியும் 123 பேருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். முதற் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. வேறு எந்த உபதேசமும் இதனினும் தெளிவாகப் பேசுமா?

தவிட்டிலிருந்த அப்பொருளை 1926-இல் ஜாவாவில் யான்சென், டோனாத் என்னும் இருவர் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பைக் கண்டறிந்து 1936-இல் செயற்கையாக ஆக்கிக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் 1886-இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். பேன்டோதெனிக் அமிலம் என்னும் மற்றொரு பி சத்தைக் கண்டறிந்த அவர் தம்பி ரோஜர் வில்லியம்ஸ் 1893-இல் உதகமண்டலத்தில் பிறந்தவர்.

நம் மாகாணத்தின் இரு பகுதிகள்

மலாயாவில் கண்டது நம் மாகாணத்திற்குள்ளேயும் தென்பட்டது. நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில் 1918-இல் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பணியே பின்னர் உணவாய்வு நிலையமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்று, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகத் திகழ்கின்றது. மெக்காரிசனுக்குப்பின் அதன் இயக்குநரான அய்க்ராய்டும் அவர்தம் துணைவர்களும் சென்னை மாகாணத்தில் பெரிபெரி எங்கே உள்ளது, எங்கே இல்லை என்று ஆராய்ந்தனர். ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட கடற்கரைத் தெலுங்கு மாவட்டங்களில் நோய் நிலைபெற்றிருந்தது. புழுங்கல் அரிசியை உண்ட தமிழ் மாவட்டங்களில் அது பெரும்பாலும் இல்லை. தெற்கே இருந்தோர் அவர்களினும் செல்வர் அல்லர். காய்கறியும் பாலும் இவர்க்கு அதிகம் கிடைத்ததும் இல்லை. இவர்களைக் காத்தது நெல் வேகவைக்கும் அண்டாவே ஆகும்.

நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது, உமியை ஒட்டிய தவிட்டிலும் முளையிலும் உள்ள தயாமின் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே செல்கின்றது. மாவு வெந்து இறுகும்போது அதனைப் பற்றி வைத்துக்கொள்கின்றது. பின்னர் ஆலையில் தவிடு நீங்கினாலும் சத்தில் பெரும்பகுதி நம்மிடமே தங்குகின்றது. ஊட்டச்சத்து நிறுவனத்தார் நெடுங்காலமாகப் பயன்படுத்திய அட்டவணையின்படி 100 கிராம் அரிசியிலுள்ள தயாமின் அளவு வருமாறு: ஆலையில் தீட்டிய பச்சரிசியில் 0.06 மில்லிகிராம், கைக்குத்தல் பச்சரிசியில் 0.21, ஆலையில் தீட்டிய புழுங்கலில் 0.21, கைக்குத்தல் புழுங்கலில் 0.27. தவிட்டில் இருப்பதோ 2.70.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பதாகக் கொள்வோம். தீட்டிய பச்சரிசி தருவது 0.24 மில்லிகிராம், தீட்டிய புழுங்கல் தருவது 0.84. இதுவும் கழுவுவதற்கும் வடிப்பதற்கும் முன்னுள்ள கணக்கு. பச்சரிசியைப் பன்முறை கழுவி, மிகுந்த நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டினால், இருந்த சிறிதும் போய்விடுகின்றது. பருத்திப் பாவுக்குக் கஞ்சி போட்டு இழைக்கு உறுதி தரும் நெசவாளர் இல்லத்தில், உடலுக்கு உறுதி தரும் கஞ்சி சாக்கடைக்குப் போகலாமா? சோறு ஊறிய நீரையும் சேர்த்துக் குடிக்கும் நீராகார வழக்கத்தில், நீரில் கரைந்த சத்து வீணாகாமல் வயிற்றுக்கே வருகின்றது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிள்ளை பெற்ற தாயின் பத்தியம்

பெரிபெரி பழங்கதை என்று எவரும் கருதலாகாது. பெரியவர்களுக்கு நோய் மெல்ல வரும்; கைக்குழந்தைக்கோ சில மணி நேரத்தில் உயிரைக் கவர்ந்துவிடும். தாய்க்குத் தயாமின் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறைகின்றது. தாய் நடமாடிக்கொண்டிருக்கும்போதே குழந்தை பால் குடிக்க மறுத்து, வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, அழுதாலும் குரல் எழாமல், இதயம் தளர்ந்து இறந்துபோகின்றது. பெரிபெரி நிலவிய சென்னை மாகாணப் பகுதிகளில் இரண்டு மாதத்திற்கும் ஐந்து மாதத்திற்கும் இடைப்பட்ட குழந்தைகளின் சாவு மிகுந்திருந்ததை அய்க்ராய்டும் கிருஷ்ணனும் 1941-இல் எடுத்துக்காட்டினர்.

அதற்குப்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்து, 2020-ஆம் ஆண்டையொட்டிக் கர்நாடக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வும் அதே செய்தியைக் கூறுகின்றது. நுரையீரல் இரத்தக் குழாய் அழுத்தம் மிகுந்து மூச்சுத் திணறி வந்த கைக்குழந்தைகள் தயாமின் ஊசியால் தேறினர். அவர்களுடைய தாய்மார்களுள் பெரும்பாலோர் தீட்டிய அரிசியை உண்டு, பேறுகாலப் பத்தியம் என்று பிற உணவைக் குறைத்திருந்தவர்கள்.

நம் ஊர்களிலும் பிள்ளை பெற்றவளுக்குப் பருப்பு ஆகாது, கடலை ஆகாது, கீரை ஆகாது என்று விலக்கி, வெறும் சோற்றோடு நிறுத்தும் இல்லங்கள் உண்டு. அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றனர் என்பதை அறிவோம். ஆனால் பாலூட்டும் தாய்க்குச் சத்து கூடுதலாக வேண்டிய காலம் அதுவே. பத்தியம் இருக்கட்டும், அதில் புழுங்கல் சோறும் பருப்பும் கீரையும் இருக்கட்டும். குழந்தைக்கு மேற்சொன்ன குறிகள் தோன்றினால் கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நம் கொல்லையில் விளைவன

அரிசி ஒன்றையே நம்பியிருக்கும் நிலை இவ்வட்டாரத்தின் பழைய நிலை அன்று. வரகும் கம்பும் சோளமும் விளைந்த மானாவாரி நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் பரவியுள்ளன. பணப்பயிரை நாம் குறைகூறவில்லை. கடன் அடைக்கப் பணம் வேண்டும். ஆனால் பெரம்பலூர்ப் பக்கம் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்திற்குச் செல்கின்றது. தீவன ஆலையில் அதனோடு உயிர்ச்சத்துக் கலவையை அளந்து சேர்க்கின்றனர். கோழியின் கால் முடங்கினால் நட்டம் என்று வணிகர் அறிந்திருக்கின்றார். உழவர் வீட்டுப் பிள்ளையின் தட்டில் என்ன சத்து குறைகின்றது என்று அளப்பவர் யார்?

மக்காச்சோளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதிலுள்ள நியாசின் உடலுக்கு எளிதில் கிட்டாதவாறு பிணைந்திருக்கின்றது. மெக்சிகோ மக்கள் அதனைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அப்பிணைப்பை நீக்கி உண்டனர். அம்முறையை அறியாமல் அதனையே முழு உணவாகக் கொண்ட அமெரிக்கத் தென்பகுதி ஏழைகளைப் பெலாக்ரா வாட்டியது. அது தொற்றுநோய் அன்று, உணவுக் குறையே என்று கோல்ட்பெர்கர் 1915-ஐ ஒட்டி நிறுவினார். நியாசினே அதன் மருந்து என்பது 1937-இல் எல்வெஜம் ஆய்வால் வெளிப்பட்டது.

நம் கொல்லையில் மருந்துக்குக் குறைவில்லை. 100 கிராம் நிலக்கடலையில் தயாமின் 0.90 மில்லிகிராமும் நியாசின் ஏறக்குறைய 20 மில்லிகிராமும் உள்ளன. செயங்கொண்டம் பக்கத்து முந்திரிப் பருப்பில் தயாமின் 0.63. பாசிப்பயற்றில் 0.47, கொள்ளில் 0.42. வரகிலும் கம்பிலும் 0.33. முன்சொன்ன 400 கிராம் புழுங்கலோடு 50 கிராம் நிலக்கடலை சேர்த்தால் கணக்கு 1.29-க்கு உயர்கின்றது. சி சத்துக்கு 100 கிராம் நெல்லிக்கனியில் 600 மில்லிகிராமும் முருங்கைக்கீரையில் 220 மில்லிகிராமும் உள்ளன. நெடுநேரம் வேகவைத்தால் அதிற் பெரும்பகுதி அழியும். பருப்பு விரைவில் வேகச் சமையல் சோடா இட்டால் தயாமின் அழியும். சாப்பாட்டோடு தேநீர் அருந்துவது அதனைக் குறைக்கும். மதுவோ குடலில் அது சேர்வதையே தடுக்கும். குடிப்பவரின் நரம்பும் நினைவும் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாத்திரை போதாதா?

சத்து மாத்திரை இருக்கையில் இத்தனை கவலை ஏன் என்று கேட்போர் உண்டு. நோயுற்றவர்க்கும் கருவுற்றவர்க்கும் மருந்து இன்றியமையாதது. பம்பாயில் நெசவாலைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் சோகையால் மடிவதைக் கண்ட லூசி வில்ஸ் என்னும் மருத்துவப் பெண்மணி, ஈஸ்ட் சாறு அதனைத் தீர்ப்பதை 1931-இல் அறிவித்தார். அச்சாற்றில் இருந்த ஃபோலிக் அமிலத்தை 1945-இல் ஆக்கிக் காட்டிய அமெரிக்க ஆய்வுக் குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பராவ். அவ்வமிலம் கருவுற்றோர்க்கு இன்று தவறாமல் வழங்கப்படுகின்றது. அதனை வாங்கி உண்ண வேண்டும்.

பொது விநியோக அரிசியைச் செறிவூட்டும் திட்டம் 2021 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்டது. அதில் சேர்க்கக் குறிக்கப்பட்டவை இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 என்னும் மூன்று. அவை வேண்டியவையே. ஆனால் தீட்டுகையில் போகும் தயாமின் அம்மூன்றில் அடங்கவில்லை. அரிசி தன்னிடம் வைத்திருப்பதைத் தவிட்டோடு விட்டுவிட்டுப் பின்னர் வெளியிலிருந்து தேடுவது, விதைநெல்லை விற்றுவிட்டு விதைக்குக் கடன் கேட்பதைப் போன்றது.

செய்ய வேண்டுவன

சங்கங்கள் செய்யத்தக்கவை அரியவை அல்ல. முதலாவது, நியாயவிலைக் கடைகளை நடத்தும் சங்கங்கள் தரமான புழுங்கல் அரிசியைக் கேட்டுப் பெற வேண்டும்; தரங்குறைந்த மூட்டையைத் திருப்பியனுப்பும் துணிவும் வேண்டும். இரண்டாவது, அங்கத்தினர்கள் தம் நெல்லை அரைக்கக் கொடுக்கும்போது மிகையாகத் தீட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். புழுங்கலிலும் மிகையாகத் தீட்டினால் இழப்பு உண்டு. மூன்றாவது, வரகின் உமியை நீக்கும் பாடு பெண்கள் தலையில் விழுந்ததே வரகு மறைந்ததற்கு ஒரு காரணம். உமி மட்டும் நீக்கித் தவிட்டை விட்டுவைக்கும் சிறு இயந்திரம் ஒன்றைச் சில சங்கங்கள் கூடி அமைத்தால், விளைத்தவர்க்கு விலையும் உண்பவர்க்குச் சத்தும் கிடைக்கும். நான்காவது, விவசாய அங்கத்தினரின் நிலக்கடலையையும் பயறுகளையும் நெசவாளர் சங்கங்கள் நேரே வாங்கித் தம் அங்கத்தினர்க்கு வழங்கலாம். இடைத்தரகர் இன்றி இரு திறத்தாரும் பயன்பெற இதனினும் நல்ல வழி இல்லை. ஐந்தாவது, பேறுகால உணவைப் பற்றிக் கிராமச் செவிலியரை அழைத்து மகளிர் அங்கத்தினர் முன் பேசச் செய்ய வேண்டும். மாமியார்களும் அக்கூட்டத்திற்கு வருதல் நலம்.

கடல் கடந்து சென்ற நம் தொழிலாளர், எந்த விஞ்ஞானியும் சொல்லாத காலத்திலேயே புழுங்கல் அரிசியால் பிழைத்தனர். காரணம் அறியாமல் அவர்கள் கடைப்பிடித்த வழக்கத்தை, காரணம் அறிந்த நாம் கைவிடுவது முறையன்று. வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இப்பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டுமென்று அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.